ரோசா வேண்டாம் என்ற குத்தகை

நோணாங்குப்பத்துக் கழியில் ரோசாவின் படகு காலைப் பூசை மணி அடித்ததும் கிளம்பிவிடும். ஒரே ஆள் இருந்தாலும் கிளம்பும். நேரத்துக்குப் பட்டணம் போனால்தானே மீன் விலைபோகும்! அதனால் மீன்கூடைக்காரிகள் அவளை விட்டு நகர்வதில்லை. காசில்லாத நாளில் ஒரு கை மீன் கொடுப்பார்கள், அவளும் வாங்கிக்கொள்வாள். அது அவர்களுக்குள் பேசிக்கொண்டது. நடுவில் எவனுக்கு என்ன வேலை?

வேலை வந்துவிட்டது. 1935இல், தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பிரெஞ்சு சர்க்காரின் சிப்பாய், சொல்தா லூர்துநாதன், ஒரு தாளோடு வந்து நின்றான். துறையை இன்னொரு படகுக்காரன் கலியமூர்த்திக்கு, ஊர் நிர்வாகத் தலைவரான மேர் குத்தகைக்கு விட்டுவிட்டாராம். இனி வேறு படகு ஓடினால் பறிமுதலாம்.

ரோசா துடுப்பைக் கீழே வைக்கவில்லை. கம்மலை விற்று வாங்கிய படகு அது, வேறு பிழைப்பும் கிடையாது.

"படகு என்னுது. துடுப்புப் போடுற கை என்னுது. ஏறுறவங்க அவங்க இஷ்டத்துக்கு ஏறுறாங்க. இதுல யாரு குடிய நான் கெடுத்தேன்?"

"எனக்குத் தெரியாதுக்கா. உத்தரவு." பாவம், அவனும் தரையைப் பார்த்துத்தான் சொன்னான்.

பக்கத்தில் கலியமூர்த்தியின் படகு நின்றது. நிரம்பாமல் அது நகராது. மீன்காரிகளில் வாய்த்துடுக்கான தனக்கொடி கூடையோடு நேரே ரோசாவின் படகில் ஏறி உட்கார்ந்தாள். பின்னாலேயே பதினோரு பேர். ஓடக்கூடாது என்றுதானே தாள் சொல்கிறது, உட்காரக்கூடாது என்று இல்லையே!

"இறங்குங்க," என்றான் லூர்துநாதன்.

"என் ஒடம்ப எங்க வெக்கணும்னு நீ சொல்றியாப்பா? போனா இதுல போவோம், இல்லாட்டி போவல."

வெயில் ஏறியது. மீன் நாறியது. ஒருத்திகூட அசையவில்லையே! வெள்ளைக்காரத் தெருவுக்கு வாடிக்கை மீன் போடுகிறவர்களே இந்தப் பன்னிரண்டு பேர்தான். தவக்கால வெள்ளியில் அங்கே இறைச்சி தொடமாட்டார்கள். மேர் வீட்டிலோ அன்றைக்கு மத்தியான விருந்து. வந்தவர்கள் கீரையைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் மேரே கார் போட்டுக்கொண்டு துறைக்கு வந்துவிட்டார். கலியமூர்த்தியின் குத்தகை ரத்து என்றார். பெண்கள் போட்ட கூச்சலில் படகே ஆடியது.

"இனி இந்தத் துறை உனக்குத்தான். வேற எவனும் ஓட்ட முடியாது, எழுதித் தர்றேன்," என்று மேர் பேனாவைத் திறந்தார்.

கரையில் கலியமூர்த்தி முகம் செத்து நின்றிருந்தான். ரோசா அவனைப் பார்த்தாள். காலையில் தன் முகமும் இப்படித்தானே இருந்திருக்கும்.

"எனக்கு வேணாம் முசே. அவரு படகும் ஓடட்டும். யாருக்கு எதுல இஷ்டமோ அதுல ஏறட்டும்."

"அடியே, கையில வந்தத விடுறியே, புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்றாள் தனக்கொடி.

"கலியமூர்த்தி பேர்ல எழுதுன அதே கைதானேடி இது? இன்னிக்கு என் பேரு, நாளைக்கு வேற பேரு."

மேர் பேனாவும் கையுமாக விழித்தார். "அப்ப நான் என்னதான் எழுதறது?"

"ஒண்ணும் எழுதாதீங்க," என்று ரோசா படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள்.