நாற்பதாவது கோடு

எங்கள் கழுவும் அறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு ஸ்டீல் தொட்டிகள், ஒரு கழுவும் இயந்திரம், ஐந்து நிமிடம் முந்தி ஓடும் ஒரு கடிகாரம், ஸ்கோப்புகளைத் தலைகீழாகத் தொங்கவிடும் ஒரு கண்ணாடி அலமாரி. வாய் வழியாக வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் அந்தக் கறுப்புக் குழாய்களை நானும் குமிழி அக்காவும்தான் கழுவுவோம். நோயாளிகளின் முகம் எங்களுக்குத் தெரியாது. அவர்களுடைய வயிற்றுக்குள் என்ன இருந்தது என்பது மட்டும் தெரியும்.

குமிழி அக்கா என்று பெயர் வைத்தது சின்ன டாக்டர். ஒவ்வொரு ஸ்கோப்பையும் சோப்புத் தண்ணீரில் ஊறவைப்பதற்கு முன், அதற்குள் பம்பு வைத்துக் காற்றடித்து, நல்ல தண்ணீரில் முக்கிப் பார்க்க வேண்டும். எங்காவது ஓட்டை இருந்தால் குமிழி வரும். அவ்வளவுதான் சோதனை. வேறு யாராக இருந்தாலும் அரை நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அக்கா கைப்பிடியில் உள்ள சக்கரங்களைத் திருப்பி, குழாயின் நுனியை மேலும் கீழும் இடமும் வலமும் வளைத்துப் பார்ப்பாள். நேராக இருக்கும்போது மூடிக்கொண்டிருக்கிற ஓட்டை வளைத்தால்தான் வாயைத் திறக்கும் என்பாள். வெளியில் ஒட்டியிருக்கிற குமிழிகளை விரலால் வழித்துவிட்டு, அதே இடத்தில் இன்னொன்று முளைக்கிறதா என்று காத்திருப்பாள். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், இன்றைக்கு லிஸ்ட் முடிந்த மாதிரிதான் என்று சின்ன டாக்டர் கதவருகே நின்று கிண்டல் செய்வார். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"உள்ள தண்ணி போச்சுன்னா போனதுதான்டி," என்று என்னிடம் மட்டும் சொல்வாள். "வெளிய எவ்வளவு துடைச்சாலும் அது உள்ளயே கிடக்கும்."

என் அண்ணன் லாரி பட்டறையில் மெக்கானிக். மூன்று மாதமாக வயிற்று வலி. வரிசையில் பெயர் கொடுத்தால் ஆறு வாரம் ஆகும் என்றார்கள். வீட்டில் அண்ணி எனக்குக் கேட்கும்படி பாத்திரங்களோடு பேச ஆரம்பித்திருந்தாள், ஆஸ்பத்திரியில் ஆள் இருந்தும் என்ன பிரயோஜனம் என்று. நான் சின்ன டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். சாப்பாட்டு நேரத்தில் கூட்டி வா, ரிஜிஸ்டரில் எழுத வேண்டாம், ஐந்து நிமிட வேலை என்றார்.

அன்றைக்கு ஏழாம் நம்பர் ஸ்கோப்பைக் காலை பத்து நாற்பதுக்கு அக்கா சோதித்து, கழுவி, மாட்டியிருந்தாள். ஒரு மணிக்கு அவள் சாப்பிடப் போனதும் நான் அதை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணனின் தொண்டையில் மருந்து அடித்தார் டாக்டர். மரத்துப் போகும்வரை பொறுக்கவில்லை. கடிக்காமல் இருப்பதற்காக வாயில் வைக்கும் பிளாஸ்டிக் வளையத்தை வைத்தார்; அதன் பட்டையைத் தலைக்குப் பின்னால் மாட்டவில்லை. அண்ணன் ஓங்கரித்ததில் வளையம் தெறித்துத் தரையில் விழுந்தது. நான் அவன் தோளைப் பிடித்திருந்தேன். இரண்டு நொடி, மூன்று நொடி. டாக்டர் குழாயை உருவிவிட்டு, சாதாரணப் புண்தான், மாத்திரையில் ஆறிவிடும் என்றார். கடிச்சியா என்று அண்ணனிடம் கேட்டேன். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினான்.

அக்கா திரும்பி வர இருபத்தைந்து நிமிடம்தான் இருந்தது. குழாயைத் துடைக்கும்போது ஓரிடத்தில் விரல் லேசாகத் தடுக்கியது. காய்ந்துபோன எச்சில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்றடித்துப் பார்க்காமலே தொட்டியில் முக்கினேன். பிறகு இயந்திரத்தில் குறுகிய சுற்றில் போட்டு எடுத்து, துடைத்து, அதே கொக்கியில் மாட்டினேன்.

இரண்டரை மணிக்கு ஒரு பஸ் கண்டக்டரை ரத்த வாந்தியோடு கொண்டுவந்தார்கள். கையில் அகப்பட்டது ஏழாம் நம்பர். ரத்தம் வரும் இடத்தைப் பெரிய டாக்டர் கண்டுபிடித்த நேரத்தில் திரையில் பனி படர்ந்த மாதிரி மங்கியது. பிறகு முழுக்க வெள்ளை. இன்னொரு ஸ்கோப் இயந்திரத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது, மற்றது மாடியில். அது வந்து சேர பதினொரு நிமிடம் ஆயிற்று. அதற்குள் அவர் போய்விட்டார்.

சாயங்காலம் அக்கா ஏழாம் நம்பரைத் தண்ணீரில் முக்கினாள். குமிழிகள் ஊசியில் கோத்த மாதிரி வரிசையாக மேலே வந்தன. அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ரிஜிஸ்டரில் அன்றைக்கு ஏழாம் நம்பருக்கு இரண்டே வரிகள். பத்து நாற்பது, எண் ஏழு, கசிவு இல்லை, அக்காவின் கையெழுத்து. அதற்கு அடுத்த வரி கண்டக்டர்.

மேட்ரன் அறையில் அவளை மூன்று தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். வளைத்துப் பார்த்தேன், ஒரு குமிழிகூட இல்லை என்று முதல் தடவை சொன்னாள். இரண்டாவது தடவை, பார்த்த ஞாபகம் இருக்கிறது என்றாள். சின்ன டாக்டர் வராந்தாவில் என்னை நிறுத்தி, நீயும் ஒன்றும் பார்க்கவில்லை, நானும் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு நடந்தார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வேறு எங்கிருந்தாவது போயிருக்கும். அண்ணன்தான் கடிக்கவில்லை என்றானே.

பத்தாவது நாள் ரிப்பேர் கம்பெனியிலிருந்து அறிக்கை வந்தது. உள்ளே கம்பிகள் துருப்பிடித்துவிட்டன, சரிசெய்ய முடியாது. கூடவே பெரிதாக்கிய ஒரு புகைப்படம். குழாயில் எவ்வளவு நீளம் உள்ளே போயிருக்கிறது என்று காட்ட சென்டிமீட்டர் எண்களோடு வெள்ளைக் கோடுகள் இருக்கும். நாற்பதாவது கோட்டுக்குப் பக்கத்தில் பல் பதிந்த தடம். இரண்டு பள்ளம், நடுவே ஒரு இடைவெளி, பிறகு ஒரு பள்ளம்.

நான்கு வருஷத்துக்கு முன் பட்டறையில் ஜாக்கி நழுவி, கைப்பிடி அண்ணன் வாயில் அடித்தது. முன்பல் ஒன்று போனது. அந்த இடைவெளி வழியாக விசில் அடித்துத்தான் அவன் தன் மகளைத் தூங்கவைப்பான்.

பழைய கடியாக இருக்கும், அக்கா தினமும் பார்த்தும் கவனிக்காமல் விட்டிருக்கிறாள் என்று விசாரித்தவர்கள் முடிவு செய்தார்கள். மூன்றாவது தடவை அக்கா, கவனிக்காமல் விட்டிருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். பத்தொன்பது வருஷம்.

அன்று சாயங்காலம் அண்ணன் சாப்பிடும்போது அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன, மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பார்க்கிறாய் என்று சிரித்தான். நான் புகைப்படத்தைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"கடிச்சேன்," என்றான். "அப்பவே தெரியும். சொன்னா உன் வேலைக்கு ஏதாவது ஆயிடும்னுதான் சொல்லல."

பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, செத்தவர் திரும்பி வரப் போவதில்லை, உன் சம்பளமும் இல்லை என்றால் இந்த வீடு எப்படி ஓடும் என்று கேட்டான். அண்ணி தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் படிக்கிற அவள் மகள்தான் கதவைத் திறந்தாள். அம்மா சமையலறையில் இருக்கிறாள், காலையிலிருந்து அடுப்பே பற்றவைக்கவில்லை என்றாள்.

அக்கா கேஸ் சிலிண்டருக்கு முன்னால் குந்தியிருந்தாள். ரெகுலேட்டர் முழுக்கச் சோப்பு நுரை. முகத்தை அதற்கு மிக அருகில் வைத்திருந்தாள். நிமிராமலே என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வாடி. குமிழி வருதா பாரு. என் கண்ணு சரியில்ல."

பக்கத்தில் குந்தினேன். நுரை அடங்கிக்கொண்டிருந்தது. எதுவும் முளைக்கவில்லை.

"இல்லக்கா."

"நிச்சயமா?"

"நிச்சயமா இல்ல. அன்னைக்கும் இல்லக்கா. காலைல நீ பார்த்தப்ப ஒண்ணுமே இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டு நேரம், கீழே விழுந்த வளையம், தடுக்கிய விரல், அண்ணனின் பல். அவள் என்னைத் திட்டவில்லை. மகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, நடுவிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு என் முன்னால் வைத்தாள்.

"எழுது. ரிஜிஸ்டர்ல எழுதுற மாதிரியே."

கட்டம் கட்டமாக அவள் கேட்கக் கேட்க எழுதினேன். நேரம்: ஒன்று பத்து. எண்: ஏழு. நோயாளி: என் அண்ணன், அவன் பெயர். டாக்டர்: அவர் பெயர். கசிவுச் சோதனை என்ற இடத்தில் பேனா நின்றது. அக்கா காத்திருந்தாள்.

'பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தாளை இரண்டு முறை படித்தாள். நாளைக்குக் காலையில் மேட்ரனிடம் நீயும் வந்து நிற்க வேண்டும் என்றாள். வருகிறேன் என்றேன். தாளை நான்காக மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். மகள் அடுப்பைப் பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தாள்.

அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். கிண்ணத்திலிருந்து இன்னும் கொஞ்சம் நுரையை விரலில் எடுத்து, ரெகுலேட்டரின் கழுத்தைச் சுற்றித் தடவிவிட்டு, மறுபடி குனிந்தாள்.