இரண்டு முதல் வளையங்கள்

ஒரு பூச்சிக்கு ஒரு வயிறு. அந்த வயிற்றில் முதல் வளையம் என்பது ஒன்றே ஒன்று. இதைச் சொல்ல மெத்தப் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அருங்காட்சியகத்தின் மாடியறையில், எல்லோரும் பூச்சிக்காரி என்று கூப்பிடும் அந்த அம்மாள், நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தபடி நான்காவது முறையாக எண்ணிக்கொண்டிருந்தாள். ஊசியில் குத்திய பூச்சியின் மார்போடு ஒட்டியபடி ஒரு முதல் வளையம். கிளிசரின் குப்பிக்குள் மிதந்த வயிற்றில் இன்னொன்று.

அரிசியில் பாதிகூட இல்லாத, இலைக்கு இலை துள்ளும் தத்துப்பூச்சி அது. பெரும்பாலான தத்துப்பூச்சிகளில் முகத்தை மட்டும் பார்த்து ஆளைச் சொல்லிவிட முடியாது. ஆண்பூச்சியின் வால்நுனிக்குள் ஒளிந்திருக்கும் கொக்கிகளைப் பார்த்தால்தான் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். அதற்காக வயிற்றைக் கழற்றி, காரக் கரைசலில் போட்டு, கண்ணாடியாய்த் தெளிந்ததும் கிளிசரின் குப்பியில் அடைத்து, பூச்சி இருக்கும் அதே ஊசியில் கீழே செருகி வைப்பார்கள். மேலே தலை, கீழே வயிறு. இரண்டும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்பதற்குச் செருகியவரின் நாணயம்தான் சாட்சி.

இந்தப் பூச்சிக்குத் தலை புல்லில் வாழும் சாதாரண வகையினுடையது. வால்கொக்கிகளோ மரத்தில் வாழும் வேறொரு கூட்டத்தினுடையவை. இப்படி ஒரு சேர்க்கையை யாரும் கண்டதில்லை. அதனால்தான் பதினேழு வருடங்களுக்கு முன் அவள் இதைப் புதுப் பேரினம் என்று அறிவித்தாள். அதன்பிறகு இரண்டாவது பூச்சி எங்கேயும் அகப்படவில்லை. உலகத்துக்கே ஒன்று.

பிடித்துக் கொடுத்தது அவள் புருஷன். மின்கம்பி வேலைக்காரன். கம்பத்திலிருந்து இறங்கிய கையோடு வலையை எடுத்துப் புல்லில் வீசுகிற ஆள். ஒரு காய்ச்சல் பத்தே நாளில் அவனைக் கொண்டுபோய்விட்டது. பிள்ளைகுட்டி கிடையாது. அவன் பெயருக்கு ஒரு லத்தீன் வாலை ஒட்டவைத்து அந்தப் பேரினத்துக்குச் சூட்டினாள்.

ஜன்னல் வெயில் குப்பியில் பட்டு, உள்ளே வயிறு தூக்கத்தில் புரள்வதுபோல மெல்லத் திரும்பியது. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு அறை நழுவிப்போனது. அவன் போய் மூன்றாவது வாரம் வேலைக்கு வந்த காலை அது. அவன் கடைசியாகப் பூச்சி பிடித்துப் போட்ட குழாய், அதில் அவன் கையெழுத்து. உள்ளே இரண்டு ஆண்பூச்சிகள். புல்லில் பிடித்தது ஒன்று, பக்கத்து மரத்தில் பிடித்தது ஒன்று. இரண்டு கிண்ணம் வைத்தாள். கரைசல் சூடாகும்போது அவன் பின்னால் வந்து நிற்கிறான் என்று நிச்சயமாகத் தோன்றியது. திரும்பினால் மறைந்துவிடுவான் என்று திரும்பாமலே வேலை செய்தாள். அவள் கை வேலை செய்தது, மனம் அங்கே இல்லை. வயிற்றைக் கழற்றிய பிறகு மரத்துப் பூச்சியின் உடல் நொறுங்கியது. கிண்ணங்களில் மிச்சம் இருந்த இரண்டு வயிறுகளில் ஒன்றைக் குப்பியில் போட்டாள், மற்றதைக் கொட்டிவிட்டாள். கொட்டியதுதான் இந்தத் தலைக்குரியது.

பழைய மாதிரிகளை எல்லாம் மறுபடி சரிபார்த்து வெள்ளிக்கிழமை திருத்தப் பட்டியலை அனுப்ப வேண்டும். "மாதிரி பார்க்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. இன்னும் நூறு வருடத்துக்கு இந்தக் குப்பியை எவனும் திறக்கப்போவதில்லை. உண்மையை எழுதினால் பேரினம் போயிற்று, அவனும் கூடவே போவான்.

சாயங்காலம் நேராக நாத்தனாரின் முடிதிருத்தும் கடைக்குப் போனாள். தலையை நீட்டுகிறவர்கள் எல்லோரிடமும், "எங்க அண்ணன் பேர்ல ஒரு பூச்சி இருக்கு, தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுகிற தங்கச்சி அவள். நல்லவேளை, கடையில் யாரும் இல்லை.

"என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?"

"உங்க அண்ணன் பூச்சி விஷயம். நான் தப்பு பண்ணிட்டேன்மா. ஒண்ணோட தலைக்கு இன்னொண்ணோட வயித்தை வச்சுட்டேன். அப்படி ஒரு பூச்சியே கிடையாது."

நாத்தனார் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "இது வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்."

"அப்ப விட்டுடுங்களேன். அவன் பேரைச் சொல்ல அது ஒண்ணுதான் இருக்கு. எங்கிட்ட அவன் தெளிவா விழுந்த போட்டோகூட இல்ல."

"எனக்கு மட்டும் ஆசையா? ஆனா அவன் பேர்ல ஒரு பொய்யை வச்சுக்கிட்டு என்னால இருக்க முடியல."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்ப அந்தப் பேரை அழிச்சிடுவாங்களா?" என்றாள்.

"அழிக்க மாட்டாங்க. வயித்தைத் தள்ளிட்டா, தலை யாரோ அவங்க பேரோட உங்க அண்ணன் பேரும் போய்ச் சேரும். அவங்களோட பழைய பேருக்குக் கீழ சின்ன எழுத்துல நிக்கும். தனிப் பெருமை போயிடும், அவ்வளவுதான்."

"அந்தத் தலை யாரு?"

"சாதாரணப் புல்லுப்பூச்சி. எங்க பார்த்தாலும் இருக்கும்."

"எங்க பார்த்தாலும்னா? இங்கயுமா?"

கடைக்குப் பின்னால் யாரும் வெட்டாத காலிமனை ஒன்று இருந்தது. முட்டளவு புல், அதன்மேல் மஞ்சள் வெளிச்சம். பூச்சிக்காரி செருப்புக் காலால் புல்லை மெல்லத் தள்ளினாள். பொரி வெடித்தாற்போல நாலாபக்கமும் துள்ளின. எழும்பிய ஒவ்வொரு சிறகும் ஒரு கணம் மின்னி அணைந்தது.

"இவ்வளவுமா?"

"இவ்வளவும்தான்."

நாத்தனார் குந்தி உட்கார்ந்து ஒரு விரலை நீட்டினாள். ஒன்று வந்து உட்கார்ந்தது. அவள் மூச்சு விடுவதற்குள் போய்விட்டது.

"அண்ணனேதான். அவனுக்கு ஒரு இடத்துல உட்காரத் தெரியாது," என்று சிரித்தாள்.

பூச்சிக்காரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பதினேழு வருடமாக அவனை ஊசியில் குத்தி ஒரு பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தோமே என்று அழுதாள்.

"நாளைக்கே எழுதி அனுப்பிடறேன்."

"அனுப்புங்க," என்ற நாத்தனார், எழுந்து அடுத்த புதரைக் காலால் தள்ளினாள்.