அடிப்பாகம் இல்லாத கப்பல்

போன செவ்வாய்க்கிழமையே இசாமு கடைக்குப் போய் அந்தப் பெட்டியை வாங்கிவிட்டார். கடையில் இருந்தது அது ஒன்றுதான். வீட்டுக்குக் கொண்டுபோய், மனைவி கண்ணில் படாமல், குளிர்காலக் கம்பளிகளுக்கு அடியில் திணித்து வைத்தார். ஜப்பானின் கூரே துறைமுகத்தில் முப்பது வருஷமாக நிஜக் கப்பல்களுக்குச் சாயம் அடித்த மனிதர், ஐம்பத்து நாலு வயதில் பாகங்களை ஒட்டிச் செய்யும் ஒரு பிளாஸ்டிக் பொம்மைக் கப்பலை ஒளித்துவைக்கிறார். சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அவர் அதைச் சிரிப்பதற்காகச் செய்யவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் கப்பலின் வரலாறு என்று எட்டு வரி அச்சடித்திருந்தது. அந்த எட்டு வரியை, செத்துப்போன தோழனின் மனைவி மசுயோ படித்துவிடக் கூடாது.

மசுயோவின் கணவர் கென்சாகு, ‘நாகிகாசே’ என்ற போர்க்கப்பலில் கொதிகலன் அறையில் இருந்தவர். கப்பலோடு போனவர். அதே கப்பலில் இருந்த, அவரை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகிய இசாமு பிழைத்துக் கரை சேர்ந்தார். உலகப் போர் முடிந்த மறு மாதமே மசுயோ வீட்டு வாசலில் போய் நின்று, “ஒரே வெடி, அண்ணி. ரெண்டு நிமிஷத்துல கப்பலே இல்ல. அண்ணனுக்கு என்ன நடக்குதுன்னுகூடத் தெரிஞ்சிருக்காது” என்று சொன்னார். மசுயோ அன்று அவர் காலடியில் தலை தாழ்த்தி நன்றி சொன்னாள். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அவருக்கு அவள் வீட்டில் தேநீரும் சிவப்புப் பயறு வைத்த இனிப்பும் உண்டு. பொய் சொன்னவர் தின்ற இனிப்பு முப்பது தட்டுக்குக் குறையாது.

இந்தக் கார்த்திகைக் குளிரோடு முப்பத்து மூன்றாம் ஆண்டு வழிபாடு வருகிறது. அதுதான் கடைசி. அதற்குமேல் இறந்தவருக்கென்று தனியாக எதுவும் கிடையாது, முன்னோர்களோடு சேர்ந்துவிடுவார். இருப்பவர்களும் அழுது முடித்தாயிற்று என்று அர்த்தம். கல்லறையில் கென்சாகுவின் எலும்பு இல்லை. கடற்படை அனுப்பிய வெள்ளைப் பெட்டிக்குள் பெயர் எழுதிய ஒரு துண்டுக் காகிதம்தான் இருந்தது. கடைசி வழிபாட்டுக்காவது அவர் இருந்த கப்பலை உள்ளே வைக்க வேண்டும் என்று மசுயோவுக்கு ஆசை வந்துவிட்டது. பேப்பரில் பொம்மைக் கப்பல் விளம்பரம் பார்த்து, “அது மக்காதாமே, இசாமு-சான்? நீங்க கூட வந்து பார்த்து எடுத்துக் குடுங்க, எனக்கு எந்தக் கப்பலும் ஒண்ணுபோலத்தான் தெரியும்” என்றாள். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அவர் முந்திக்கொண்டு தனியாகக் கடைக்குப் போனது.

சனிக்கிழமை மதியம் இருவரும் கடைக்குள் நுழைந்தார்கள். தரையிலிருந்து கூரை வரை பெட்டிகள். எல்லாப் பெட்டியிலும் அலை, புகை, பீரங்கி. கடைக்காரர் வகிதா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வருவதற்குள் இசாமு முந்திக்கொண்டார்.

“முதல் தடவைன்னா யாமாட்டோதான், அண்ணி. இந்த ஊர்ல கட்டின பெரிய கப்பல். எல்லாரும் அதுலதான் ஆரம்பிப்பாங்க.”

“அவர் யாமாட்டோவுல இல்லையே.”

“இல்லதான். அவர் கப்பலுக்குப் பெட்டி வரல. சின்னக் கப்பல் பாருங்க, யார் வாங்குவா? இதோ இது அச்சு அசல் அதே சாயல். பேரை மட்டும் மாத்தி ஒட்டிக்கலாம்.”

மசுயோ அந்தப் பெட்டியைக் கையில் வாங்கி, படத்தை உற்றுப் பார்த்தாள். “வேற ஆளோட எலும்பை வாங்கி வெச்ச மாதிரி இருக்குமே” என்றாள்.

“அம்மா எந்தக் கப்பல் தேடுறீங்க?” என்றார் வகிதா.

“நாகிகாசே.”

வகிதாவின் முகம் மலர்ந்தது. நல்ல மனுஷன், அதுதான் கெடுதலாகப் போயிற்று. “இருக்கே! போன வாரம் ஐயாதான் கடைசிப் பெட்டியை எடுத்துட்டுப் போனார். கேட்கிறாங்களேன்னு ஷிசுவோகா கம்பெனிக்குப் போன் பண்ணி இன்னும் ரெண்டு வரவழைச்சேன். நேத்துதான் வந்துச்சு” என்று சொல்லிக்கொண்டே, மேசைக்கு அடியிலிருந்து எடுத்து வைத்தார்.

மசுயோ திரும்பி இசாமுவைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, புரியாமல் பார்த்தாள். இசாமு தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

“பக்கத்துல பொடி எழுத்தா என்னமோ இருக்கே. கண்ணாடி கொண்டு வரல. படிங்களேன்” என்று வகிதாவிடம் கேட்டாள்.

“அதெல்லாம் எந்த வருஷம் கட்டினாங்க, எத்தனை பீரங்கின்னு இருக்கும், அண்ணி. விடுங்க” என்றார் இசாமு. வகிதா அதற்குள் செய்தி வாசிப்பவரைப்போல ஆரம்பித்துவிட்டார்.

“... காலை ஆறு பத்துக்கு முன்பகுதியில் டார்பிடோ தாக்கியது. கீழ்த்தளக் கதவுகளை அடைத்து, மாலுமிகள் கப்பலைத் தொடர்ந்து மிதக்க வைத்தனர். பத்து நாற்பதுக்கு மூழ்கியது. அடேயப்பா, நாலரை மணி நேரம் தாக்குப் பிடிச்சிருக்கு!”

மசுயோ பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். “திறந்து காட்டுங்க” என்றாள்.

சாம்பல் நிறச் சட்டங்களில் கப்பலின் உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தன. புகைபோக்கி, பீரங்கி, கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்ன நங்கூரம். மேலுடல் மட்டும் ஒரே துண்டாக, ஒரு விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட. அவள் அதைத் திருப்பினாள். அடிப்பக்கம் சப்பையாக, வெட்டிவிட்டதுபோல இருந்தது.

“இதுக்குக் கீழே?”

“கீழே கிடையாதும்மா. தண்ணிக்கு மேல தெரியற அளவுக்குத்தான் செய்வாங்க. மேசையில வெச்சா மேசையே கடல்! இருங்க, பசையும் வெட்டுக்கத்தியும் எடுத்துட்டு வரேன்” என்று வகிதா உள்ளே போனார்.

“கொதிகலன் அறை எங்க இருக்கும், இசாமு-சான்?”

அவர் விரலால் மேசைப் பலகையைத் தொட்டார். கப்பலுக்கு அடியில், பலகைக்குள். “இங்க.”

“அப்போ அவர் இருந்த இடத்தைச் செய்யவே இல்ல.”

“இல்ல, அண்ணி.”

“கதவை அடைச்சாங்கன்னு போட்டிருக்கு. யார் அடைச்சது?”

முப்பது வருஷமாக இந்தக் கேள்விக்கு அவர் விதவிதமாகப் பதில் தயார் செய்திருந்தார்.

“நான்தான்” என்றார். “தண்ணி ஏறிட்டு இருந்துச்சு. உத்தரவு வந்துச்சு. அடைக்கலேன்னா எல்லாரும் போயிருப்போம்னு சொன்னாங்க. கடைசியில பார்த்தா பாதிப் பேர் எப்படியும் போயிட்டாங்க. உள்ள ஆறு பேரு. அண்ணன் குரல் எனக்குத் தெரியும்.”

“கூப்பிட்டாரா?”

“முதல்ல என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம் இரும்பால தட்டினாங்க.”

“எவ்வளவு நேரம்?”

“அண்ணி...”

“எவ்வளவு நேரம்னு கேட்டேன்.”

“நாற்பது நிமிஷம்.”

அவள் அழவில்லை. இசாமுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் முன்னால் அழ தனக்கு யோக்கியதை இல்லை என்று பல்லைக் கடித்தார். அவளை நிம்மதியாக வைப்பதற்காகச் சொன்ன பொய் என்று இத்தனை நாள் தன்னையே நம்ப வைத்திருந்தார். அந்த நிம்மதியில் இனிப்பு தின்றது தான்தான் என்று இப்போது நன்றாகத் தெரிந்தது.

வகிதா பசையோடு வந்தார். “நானே ஒட்டித் தரட்டுமா, இல்ல நீங்களே ஒட்டுறீங்களா?”

“பெட்டியோட அப்படியே பொட்டலம் கட்டிக் குடுங்க. ஒட்ட எனக்குப் பொழுது இருக்கு” என்றாள் மசுயோ.

வெளியே காற்று உப்பாக அடித்தது. தெருமுனைப் பொதுத் தொலைபேசியில் நாணயத்தைப் போட்டு, கோயில் எண்ணைச் சுற்றினாள். இசாமு இரண்டு அடி தள்ளி நின்றார்.

“சாமி, மசுயோ பேசுறேன். வர்ற ஞாயிறு வழிபாடு வேண்டாம்... ஆமா, முப்பத்து மூணாவதுதான். இல்ல, ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. எண்ணிக்கை தப்பாப் போச்சு, சாமி. அவர் எப்படிச் செத்தார்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. வேற யாருக்கோ அழுதுட்டு இருந்திருக்கேன். அடுத்த வருஷம் முதலாம் ஆண்டு வெச்சுக்கலாம்.”

ரிசீவரை வைத்தாள். அவளுக்கு வயது ஐம்பத்தாறு. முதலாம் ஆண்டுக்கு மறு வருஷமே மூன்றாம் ஆண்டு என்று எண்ணும் வழக்கத்தில், கணக்கு முடிய எண்பத்தெட்டு ஆகும் என்று இசாமு மனதுக்குள் கூட்டிப் பார்த்தார்.

“நான் இனிமே வரல, அண்ணி. உங்க வாசல் பக்கமே வரல.”

“வரணும்” என்றாள். “ஒவ்வொரு வருஷமும் வரணும். தேநீர் கிடையாது. அவர் படத்துக்கு முன்னால நாற்பது நிமிஷம் உக்காருங்க, அப்புறம் போங்க.”

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, டிராம் நிறுத்தம் இருந்த பழைய இடத்தைத் தாண்டி, பேருந்துக்கு நடந்தாள்.