ஐந்தாம் இயலின் வேண்டாத இகரங்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை குற்ற உணர்வில் பிறந்தது. யாருடைய குற்றம் என்பதை முடிந்தவரை தள்ளிப்போடப் பார்ப்பேன். பாதிக் கதைகள் அதற்காகத்தான் எழுதப்படுகின்றன.

என் பெயர் துளசிங்கம். திருத்தணியில் மலைக்கு ஏறும் சாலையில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கதைகளைக் கையால்தான் எழுதுவேன். எனக்கு டைப்பிங் வராது. எழுதியதைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தருவது ஷபீனா. பதினோரு வருடமாக அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்து போகிறாள். இந்தக் கதையையும் அவள்தான் அடிக்கிறாள். சதுர அடைப்புக்குள் ஏதாவது தென்பட்டால் அது அவள் கைவரிசை. [ஆங், நான்தான். எழுத்துப்பிழை மட்டும் பாக்கச் சொன்னாரு. நான் எல்லாத்தையும் பாப்பேன்.]

2

தொடக்கம் ஒன்று: மின்சாரம் போனதும் அனிதா அலறிக்கொண்டு—

வேண்டாம். அன்று மின்சாரம் போகவில்லை. போயிருந்தால் பழியை அதன் தலையில் போட்டிருப்பேன்.

தொடக்கம் இரண்டு: கரும்பு வெட்டும் குடும்பத்தில் பிறந்த அனிதாவின் கண்களில் கண்ணீர்—

இதுவும் பொய். அனிதா அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். [நகம் இல்ல, என் பேனா மூடி. பல்லு பதிஞ்சது இன்னும் அப்படியே கீது.]

நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். அனிதா திருவாலங்காட்டுப் பக்கத்துப் பெண். கரும்பு வெட்டுகிறவர்கள் பேசும் சொற்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதியவள். அந்தச் சொற்களைச் சொன்னவர்களில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் உண்டு. அன்று மாலை ஐந்து மணிக்குள் சென்னையில், பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இரண்டு முறை தவணை வாங்கியாகிவிட்டது. இந்த முறை தவறினால் பதிவே ரத்து. ஏழு வருட உழைப்பு போயிற்று. மதிய ரயிலைப் பிடித்தால்தான் உண்டு.

ஆயுதபூஜை விடுமுறை முடிந்து கடை திறந்த நாள் அது. ஐந்தாம் இயல் மட்டும் கையெழுத்தில் இருந்தது. ஷபீனா காலை ஆறு மணிக்கே வந்து அடிக்கத் தொடங்கினாள். அவள் அடிக்கும்போது கண் தாளைவிட்டு நகராது. திரையைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் இடதுகைச் சுண்டுவிரல் கண்ட்ரோல் விசையில், மோதிரவிரல் எஸ்ஸில். சேமித்தாயிற்று. அடுத்த பத்தி.

3

பன்னிரண்டு மணிக்கு இயல் முடிந்தது. அச்செடுக்கக் கண்ட்ரோலையும் பி-யையும் அழுத்தினாள். அச்சுக்கான கட்டம் திறக்கவில்லை. திரையில் ஒரு 'ண' வந்து நின்றது. மறுபடி அழுத்தினாள். இன்னொரு 'ண'. நகலெடுப்பது, ஒட்டுவது, எந்தக் குறுக்குவிசையும் வேலை செய்யவில்லை.

"வைரஸா இருக்குமோ?" என்று கேட்டேன். இந்தக் கேள்விக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அரக்கோணத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் பாசித்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மொதல்ல ரீஸ்டார்ட் பண்ணுக்கா. பாதி கோளாறு அதுலயே பூடும்," என்றான் அவன்.

நான் குனிந்து பொத்தானை நோக்கி விரலை நீட்டினேன். பளீரென்று என் கைமேல் ஓர் அடி விழுந்தது.

"கைய எடுங்கண்ணா!"

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக முதலாளியை அடித்திருக்கிறாள். அவள் பார்வை திரையில் இருந்தது. ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும், முற்றுப்புள்ளிக்குப் பிறகு, ஒரு வேண்டாத 'இ'. எங்கள் தமிழ் விசைப்பலகையில் பி இருக்கும் இடத்தில் இருப்பது 'ண', எஸ் இருக்கும் இடத்தில் இருப்பது 'இ'. கண்ட்ரோல் செத்துக்கிடந்ததால், சேமித்துவிட்டோம் என்று அவள் நினைத்த ஒவ்வொரு முறையும் வெறும் 'இ' விழுந்திருக்கிறது. எங்கள் பழைய மென்பொருளுக்குத் தானாகச் சேமிக்கவும் தெரியாது.

"காலைலருந்து ஒண்ணுமே சேவ் ஆகலண்ணா. ஆறு மணி நேரமும் இந்தத் திரைல மட்டும்தான் நின்னுகினு கீது. ஆஃப் பண்ணா அத்தினியும் போச்சு."

அனிதா எழுந்து நின்றாள். "அக்கா, இன்னொரு தபா அடிக்கறதுக்கு நேரம் இல்லக்கா," என்றாள், மிக மெதுவாக.

"மவுஸ் இருக்கிறதே, ஐயா!" என்று நீங்கள் கத்துவது கேட்கிறது. இருந்தது. ஜெராக்ஸ் தாள்கள் மின்விசிறிக்குப் பறக்காமலிருக்க மேலே பாரமாக உட்கார்ந்திருந்தது. ஷபீனா அதை எடுத்தாள், அம்புக்குறியை மெதுவாக மேலே கொண்டுபோனாள், 'சேமி' என்பதைச் சொடுக்கினாள்.

அப்பாடா! நான் "முருகா" என்றேன். ஷபீனா "யா அல்லா" என்றாள். அனிதா வாயிலிருந்து கையை எடுத்தாள். போனில் பாசித், "இன்னாக்கா ஆச்சு? யாராவது விழுந்துட்டாங்களா?" என்றான்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வலது பக்கம் இன்னொரு கண்ட்ரோல் கீதே, அத்த அமுத்திப் பாரு," என்றான். அழுத்தினாள். எல்லாம் வேலை செய்தது. இத்தனை வருடத்தில் அந்த விசையை அவள் தொட்டதே இல்லை. மூவரும் பைத்தியம் பிடித்த மாதிரி சிரித்தோம்.

நாற்பத்திரண்டு இகரங்களை அழித்து, அச்செடுத்து, பைண்டு செய்து கொடுத்ததும் அனிதா ஸ்டேஷனுக்கு ஓடினாள். நாலு நாற்பதுக்குப் பல்கலைக்கழக முத்திரை விழுந்த ரசீதின் போட்டோ வந்தது.

4

கதை இங்கேயே முடியலாம். ஆனால் ஒரு பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். அந்தத் துளசிங்கம் இவ்வளவு அப்பாவியா?

முடிவு அ: இடது கண்ட்ரோலை எலி கடித்திருந்தது.

முடிவு ஆ: விசைக்கு வயதாகிவிட்டது.

முடிவு இ: ஆயுதபூஜை அன்று ஷபீனாவுக்கு விடுப்பு. நான்தான் பூஜை போட்டேன். பிரிண்டர், பைண்டிங் மெஷின், கத்தரிக்கோல் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். கீபோர்டுக்கு நான்கு மூலையிலும், பன்னீரில் குழைத்த சந்தனம், தாராளமாக. கீழே இடது மூலையில் இருப்பது கண்ட்ரோல். கடை திறந்த அன்று விடியற்காலையில், அவள் வருவதற்குள் சுத்தமாக இருக்கட்டும் என்று ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். மேலே இருந்ததெல்லாம் உள்ளே போய்விட்டது. முதல் 'ண' வந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. இருந்தும் வைரஸா என்று கேட்டேன். அன்றைக்கே புதுக் கீபோர்டு வாங்கிப் பழையதைப் பரணில் போட்டேன்.

இதை ஷபீனாவிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இத்தனை பக்கம். இதை அடிக்கும்போது அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன என்பதை நான் எழுதப்போவதில்லை. கீழே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன். வாசகரே, மன்னித்தாள் என்றோ, வேலையை விட்டு நின்றுவிட்டாள் என்றோ நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

[அந்த ரெண்டு வரிய நான் எடுத்துக்கினேன். மறுநாளே பரண்லருந்து எறக்கி, ஊக்கால அந்தக் கீயை நெம்பிப் பாத்துட்டேண்ணா. ஒரே சந்தன வாசனை. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். அனிதாகிட்ட சொல்லல, சொல்லவும் மாட்டேன். அடுத்த பூஜைக்கு லீவுல போறதுக்கு முன்னாடி கீபோர்டு மேல பிளாஸ்டிக் கவர் போட்டுட்டுப் போறேன்; நாலு மூலைக்கும் நல்லா வெச்சிக்கங்க. உங்க கையில அடிச்சதுக்கு மன்னிப்பு கேக்கணும்னு இத்தினி நாளா நெனச்சிகினு இருந்தேன். இனிமே கேக்க மாட்டேன். சேவ் பண்ணிட்டேன், வலது கையால.]