மூடி போட்ட மாவு

“என் மாவுக்கு மட்டும் ஏன் மிஸ் மூடி?”

கேட்டது குருவி. நாலு வயது முடியவில்லை. பள்ளிக்கூட ஆயாவின் மகள். நேராக நடக்காமல் தத்தித் தத்திப் போவாள் என்பதால் வகுப்பில் எல்லாருக்கும் அவள் குருவிதான்.

அன்று ‘ப’ எழுத்து. காலையிலேயே டீச்சர் தரையில் சாக்பீஸால் ஆள் உயரத்துக்கு ஒரு ‘ப’ போட்டு, பிள்ளைகளை வரிசையாக அதன்மேல் நடக்கவிட்டிருந்தாள். “இறங்கு, நேராப் போ, ஏறு” என்று கத்திக்கொண்டே நடந்தார்கள். பிறகு மணல் தட்டில் விரலால் எழுதினார்கள். இப்போது மாவு. கோதுமை மாவில் உப்பும் எண்ணெயும் கலரும் சேர்த்து அவளே பிசைந்த உருண்டைகள். கிள்ளி, பாம்பு மாதிரி உருட்டி, மூன்று பாம்பை ஒட்டினால் ‘ப’ ஆகிவிடும்.

நடு மேசைத் தட்டில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக உருண்டைகள் இருந்தன. அவை எல்லாருக்கும் பொது. குருவிக்கு மட்டும் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, கலர் போடாத மாவு, அதற்கு ஒரு மூடி.

டீச்சர் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். “மாவு காஞ்சு போகக் கூடாதில்ல கண்ணு, அதுக்குத்தான்” என்றாள்.

குருவி தட்டைப் பார்த்தாள். “அப்ப இவங்க மாவெல்லாம் காஞ்சு போயிடுமே?”

டீச்சர் காது கேளாதவள்போல் அடுத்த மேசைக்கு நகர்ந்தாள்.

டப்பா வந்த கதை இதுதான். போன வாரம் ஒரு பையனின் அம்மா வந்திருந்தாள். பல் டாக்டர். அவள் பையன் கன்னம் உப்பிய சாது. வகுப்பில் அவனைப் பூசணி என்பார்கள். நிர்வாகி அம்மாவின் அறையில் உட்கார்ந்து, வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல் பல் டாக்டர் பேசினாள்.

“நான் ஜாதி கீதி பாக்குற ஆள் இல்ல மேடம். ஆனா அந்த ஆயா பொண்ணும் அதே மாவத்தான் பிசையுது. அவங்க வீட்ல என்ன தொழில்னு உங்களுக்கே தெரியும். தலைமுறை தலைமுறையா சாக்கடை. என் பையன் மாவ வாயில வைக்கிறான்.”

“புரியுது டாக்டர், புரியுது” என்றாள் நிர்வாகி அம்மா. பாம்பும் சாகாமல் தடியும் உடையாமல் காரியம் முடிப்பதில் அவள் கைகாரி. மறுநாளே டப்பா வாங்கி டீச்சரின் கையில் கொடுத்தாள். “புள்ள மனசு நோகாம பாத்துக்கம்மா. இந்த வருஷம் முடிஞ்சதும் உன் வேலைய நிரந்தரம் பண்ணிடலாம்னு இருக்கேன்.”

டீச்சர் தலையாட்டினாள். ஆட்டிய தலை அன்றிலிருந்து கழுத்தில் பொருந்தி உட்காரவே இல்லை. ஏனென்றால் அவள் தினமும் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூசணி உட்பட அத்தனை பிள்ளைகளையும் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், கழுவிவிட்டு, மூக்கைச் சிந்தி, வாயைத் துடைத்து அனுப்புவது அந்த ஆயாவின் கைதான். அந்தக் கைமேல் ஒரு புகாரும் வந்ததில்லை. மகளின் கைதான் தீட்டாம். படைத்தவன் யாருக்கும் தனி டப்பாவில் மண் எடுத்து வைத்ததாகத் தெரியவில்லை, இவர்கள்தான் வைக்கிறார்கள்.

இடைவேளையில் டீச்சர் பிள்ளைகளுக்கு வெளியே பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி உள்ளே வந்தபோது தட்டு காலியாகக் கிடந்தது. மேசையடியில் குருவியும் பூசணியும் உட்கார்ந்து, ஊர்ப்பட்ட மாவையும் அந்த ஒரே டப்பாவில் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தார்கள். பூசணி மூடிமேல் ஏறி உட்கார்ந்திருந்தான்.

“காஞ்சிடும்னு நீங்கதானே சொன்னீங்க மிஸ்” என்றாள் குருவி. “எல்லாத்தையும் காப்பாத்திட்டோம்.”

“நான் உக்காந்தா நல்லா மூடிக்குது” என்றான் பூசணி.

திறந்தால் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்து சேற்று நிறத்தில் ஒரே உருண்டை. இனி எந்த டாக்டர் வந்தாலும் பிரிக்க முடியாது. டீச்சர் அதையே எல்லாருக்கும் கிள்ளிக் கொடுத்தாள். மேசை நிறைய சேற்று நிற ‘ப’க்கள் முளைத்தன.

சாயங்காலம் அழைத்துப்போக வந்த பல் டாக்டர், மகனின் நகக்கண்ணில் அந்த நிறத்தைப் பார்த்தாள். ஓரத்தில் திறந்து கிடந்த டப்பாவையும் பார்த்தாள். வாசலிலேயே பையனின் கையைப் பிடித்து ஈரத்தாளால் தேய்த்தாள். தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள்.

“வலிக்குதும்மா.”

“பேசாம இரு. மேடம், இதுக்குத்தான் நான் அவ்வளவு சொன்னேனா? யார் கலந்தது?”

நிர்வாகி அம்மா டீச்சரைப் பார்த்தாள். நிரந்தர வேலை டீச்சரின் நாக்கின்மேல் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்குள் குருவி “நான்...” என்று ஆரம்பித்தாள். ஆயா அவளை இழுத்துத் தன் சேலைக்குப் பின்னால் தள்ளினாள்.

“நாந்தாம்மா. மேசை தொடைக்கறப்ப, எல்லாம் ஒண்ணுதானேன்னு டப்பாவுல போட்டுட்டேன். டீச்சரம்மாவுக்குத் தெரியாது.”

“எல்லாம் ஒண்ணுதானா?” பல் டாக்டர் சிரித்தாள். “நல்லா இருக்கு உங்க ஆயாவோட தத்துவம்.”

நிர்வாகி அம்மா தீர்ப்புச் சொன்னாள். நாளையிலிருந்து குருவி வகுப்பில் வேண்டாம். துடைப்பம், பினாயில் வைக்கும் அறையில் அம்மாவோடு இருக்கட்டும். “அங்கேயும் ஜன்னல் இருக்கு. பாட்டெல்லாம் காதுல விழும். புத்தி இருந்தா கத்துக்கட்டும்.”

குருவிக்குப் புரிந்தது. “மிஸ், நாளைக்கு நான் வரக் கூடாதா?” என்று சேலைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து, அம்மாவின் சத்தத்தில் மிரண்டுபோயிருந்த பூசணி நின்ற இடத்திலேயே கால்சட்டையில் போய்விட்டான். நாற்றம் எழுந்தது. பெற்றவள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

“ஐயையே. ஆயா, இவனக் கொஞ்சம் பாரு. எனக்குக் குமட்டுது.”

ஆயா பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “ஒண்ணுமில்லடா ராசா, எல்லாருக்கும் வர்றதுதான்” என்று சொல்லிக்கொண்டே போனாள். கழுவி, மாற்றுக் கால்சட்டை போட்டு, முகத்தைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் கையிலிருந்து பல் டாக்டர் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். தாளால் துடைக்கவில்லை.

பல் டாக்டரின் கையில் கசங்கியிருந்த ஈரத்தாளை டீச்சர் பார்த்தாள்.

எல்லாரும் போனபின் அவள் நிர்வாகி அம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

“ஆயா மேல தப்பு இல்ல மேடம். மாவு காஞ்சிடும்னு புள்ளைகிட்டப் பொய் சொன்னது நான். அது நம்பி எல்லாத்தையும் காப்பாத்தப் பாத்துச்சு. கலந்தத எடுத்து எல்லாருக்கும் குடுத்ததும் நாந்தான்.”

“அதான் முடிஞ்சு போச்சேம்மா. வீட்டுக்குப் போ.”

“குருவி கிளாஸ்ல உக்காரணும். ஒரே மாவுதான் பிசைவேன். முடியாதுன்னா நாளைக்கு நானும் வரல.”

நிர்வாகி அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். நடு வருஷத்தில் இந்தச் சம்பளத்துக்கு வேறு டீச்சர் கிடைக்கமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும்.

“சரி. வருஷம் முடியற வரைக்கும் உக்காரட்டும். டாக்டர்கிட்ட நான் ஏதாவது சொல்லிக்கறேன். ஆனா நீ வேற இடம் பாத்துக்க.”

“பாத்துக்கறேன் மேடம்.”

வருஷம் முடிவதற்குள் இன்னும் பாதி எழுத்துகள் இருந்தன. வேகமாகப் போனால் அத்தனையையும் குருவியின் விரலுக்குள் ஏற்றிவிடலாம். அதற்குப் பின் அவளை உள்ளே உட்காரவைக்க யார் வருவார்கள் என்பதைத் தெய்வத்திடம்தான் விட வேண்டும். இரக்கம் என்ற ஒன்றை ஒரே ஆளோடு அது நிறுத்திவிடாது என்று டீச்சர் நம்பினாள்.

வெளியே வரும் வழியில் கழிப்பறைக் கதவு திறந்திருந்தது. வாளிக்குள் பூசணியின் கால்சட்டை ஊறிக்கொண்டிருந்தது. அழுத மகளைக் கூட்டிக்கொண்டு போகும் அவசரத்தில், காலையில் வந்து அலசலாம் என்று ஆயா விட்டுப் போயிருந்தாள்.

டீச்சர் வளையலை மேலே ஏற்றிக்கொண்டாள். முதல் தண்ணீரைக் கொட்டும்போது ஓங்கரித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சோப்பை எடுத்தாள். கசக்கி, அலசி, மறுபடி சோப்புப் போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசினாள். பிழிந்து, உதறி, கொடியில் போட்டு, காற்றில் பறக்காமல் கிளிப் மாட்டினாள்.

காலையில் வரும் ஆயா, தானே அலசிப் போட்டுவிட்டு மறந்துபோய்விட்டோம் என்று நினைத்துக்கொள்வாள். நினைத்துக்கொள்ளட்டும் என்று டீச்சர் விளக்கை அணைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.