கலியபெருமாள் என்கிற கோப்பு

எங்கள் வீட்டுக் கணினி வீட்டை முழுவதும் சோதித்துப் பார்த்து மூன்று ஆபத்துகளைக் கண்டுபிடித்தது. ஒன்று, என் மகள் யாழினி எங்கிருந்தோ இறக்கிய கார் விளையாட்டு. இரண்டாவது, மைத்துனனின் கல்யாண வீடியோ இருந்த பென் டிரைவ். மூன்றாவது நான்.

முதல் இரண்டையும் அது அங்கேயே அழித்துவிட்டது. என்னை ஸ்டோர் ரூமில் தனிமைப்படுத்தி வைத்தது. அதுதான் முறை. எடுத்த எடுப்பில் அழித்துவிட்டுப் பிறகு தேவைப்பட்டால் எங்கே போய்த் தேடுவது?

இந்த முறையை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். உறையூரில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் கணினிப் பாதுகாப்பு பற்றித் தினமும் ஒரு குறிப்பு போடுகிறவனும் நான்தான். தெரியாத சுட்டியைத் தொடாதீர்கள். ஒரே பாஸ்வேர்டை எல்லாவற்றுக்கும் வைக்காதீர்கள். எல்லோரும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தண்ணீர் லாரி வரவில்லை என்று யாராவது எழுதினால் மட்டும் ஊரே கூடிப் பேசும். படித்த ஜனங்கள்.

ஸ்டோர் ரூம் முன்பு இவ்வளவு பெரியதாக இல்லை. தனிமைப்படுத்திய கோப்புகளைச் சுருக்கித்தான் வைப்பார்கள். இடம் மிச்சமாகும். காலையில் என் தலை அலமாரியின் மேல்தட்டு வரை இருந்தது. மதியம் ஊறுகாய் ஜாடிகள் இருக்கும் தட்டு வரைதான் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன்.

உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். அரிசி மூட்டையின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். டை கட்டியிருந்தார்.

"வணக்கம் சார். பேங்க் மேனேஜர் பேசுறேன்," என்றார்.

"எந்த பேங்க்?"

"மெயின் பேங்க் சார். உங்க கார்டு பிளாக் ஆகப்போகுது. ஓடிபி வந்துச்சா?"

ஆளைத் தெரிந்துவிட்டது. முன்பொரு நாள் என் மனைவி தையல்நாயகிக்கு ஃபோன் செய்த திருட்டுப்பயல். அவள் அந்த எண்ணைச் சொல்ல வாயெடுத்தபோது நான் ஃபோனைப் பிடுங்கினேன். அன்று நான் அவளைத் திட்டியது மொட்டைமாடி வரை கேட்டிருக்கும். அன்றிலிருந்து மேனேஜர் இங்கேதான் இருக்கிறாராம்.

"மேடம் தங்கமானவங்க சார்," என்றார் அவர். "அரிசி எடுக்க வர்றப்பல்லாம், சாப்டீங்களான்னு கேப்பாங்க."

என்னிடம் அவள் அப்படிக் கேட்டு ரொம்ப நாளாயிற்று. தட்டை வைப்பாள். நான் சாப்பிடுவேன். எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை.

கதவைத் தட்டினேன். வெளியே யாழினியின் காலடிச் சத்தம் கேட்டது.

"யாழினி, அப்பா பேசுறேன். கதவத் தொற."

காலடிச் சத்தம் கதவருகே வந்து நின்றது.

"அப்படித்தான் சொல்லுவாங்கன்னு அப்பா சொல்லியிருக்காரு," என்றாள்.

"அந்த அப்பாதாண்டி நான்."

"நெருங்கின சொந்தம்பாங்க. அவசரம்பாங்க. யோசிக்க விட மாட்டாங்க."

"அவசரம்தாண்டி!"

"பாத்தீங்களா," என்றாள்.

அது என் குறிப்பு. ஒரு எழுத்துப் பிசகாமல் என் குறிப்பு. நான் எழுதியதை உலகத்தில் ஒரே ஒருத்தி படித்திருக்கிறாள். சந்தோஷப்படுவதா கதவை உதைப்பதா என்று தெரியவில்லை. உதைத்தேன். கால் வலித்தது.

"அப்பாவா இருந்தா ஒண்ணு சொல்லுங்க," என்றாள் யாழினி. "நான் என்ன பண்றேன்?"

"காலேஜ் படிக்கிற."

"என்ன வருஷம்?"

"ரெண்டாவது."

"முடிச்சு வேலைக்கே போறேன்."

மேனேஜர் என் காதருகே குனிந்து, "லேப்ல வேலை சார். ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்," என்றார். அந்த ஆள் சொன்னதை வாங்கித் திருப்பிச் சொல்ல எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

யாழினி இன்னொரு வாய்ப்பு தந்தாள். அவள் நல்ல பெண். கதவுக்கு அடியில் சில புகைப்படங்களைத் தள்ளினாள். நான் இயந்திரம் இல்லை, மனிதன்தான் என்று நிரூபிக்க வேண்டுமாம்.

"அப்பா இருக்குற படத்தையெல்லாம் எடுத்துக் குடுங்க."

எல்லாம் எங்கள் ஆல்பத்துப் படங்கள். முக்கொம்பில் யாழினி. மலைக்கோட்டைப் படியில் தையல்நாயகி. பிறந்தநாள் கேக், பக்கத்தில் யாரோ வீட்டுக் குழந்தைகள். ஒன்றிலும் நான் இல்லை. எல்லாம் நான் எடுத்த படங்கள். ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் மங்கலாக விழுந்திருந்தது. அதை வெளியே தள்ளினேன்.

"தப்பு," என்றாள். "மறுபடி முயற்சி பண்ணுங்க."

மறுபடியும் அதே படங்கள் வந்தன.

மாலையில் ரெஜினா வந்தாள். பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். நான் எழுதும் குறிப்புகளைப் பற்றி அவளிடம் ஒருமுறை அபிப்பிராயம் கேட்டேன். எழுத்து பெரிசா இருக்கு சார், கண்ணாடி இல்லாம படிக்கலாம் என்றாள்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களாம்மா?" என்று அவள் கேட்பது கேட்டது.

"எத? அவரயா?" என்றாள் தையல்நாயகி.

"ஆமா. பாதிப் பிரச்சனை அதுலயே சரியாயிரும்."

கண்ணை மூடி மூச்சை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். நான் அணைந்தேன். பிறகு எரிந்தேன். முட்டிவலி அப்படியே இருந்தது.

"தேவையில்லாத பழசு ஏதாவது உள்ள சேந்திருக்கும்," என்றாள் ரெஜினா. "கதவுக்கு அடியில தள்ளுங்க சார்."

தள்ளினேன். மைத்துனன் கல்யாணத்தில் என்னைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்தது. ஆபீசில் எனக்கு வரவேண்டிய சீட்டில் ஜூனியர் பையனை உட்காரவைத்தது. தையல்நாயகியின் அப்பா என் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லாதது. எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒன்றுகூட மங்கவில்லை.

"இன்னும் இருக்கு," என்றாள் ரெஜினா.

"அவ்வளவுதான்."

"நெறைய இருக்கு சார். மெஷின் காட்டுது. பரவால்ல, விடுங்க."

அதன் பிறகு அவள் கணினியின் அறிக்கையைப் படித்தாள். என்மேல் இருந்த குற்றம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆயுத பூஜையன்று நான் கேமராவை மறைத்திருக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு வீட்டிலுள்ள சாமான்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பது என் பொறுப்பு. மிக்ஸிக்கு வைத்தேன். ஸ்கூட்டருக்கு வைத்தேன். அரிவாள்மணைக்கு வைத்தேன். மடிக்கணினிக்கும் வைத்தேன். பொட்டை நெற்றியில்தானே வைக்க வேண்டும்? திரைக்கு மேலே, நட்டநடுவில், நெற்றி மாதிரியே ஓர் இடம் இருந்தது. சின்னதாக ஒரு புள்ளிகூட இருந்தது. நம் ஆட்களுக்காகக் கம்பெனிக்காரனே அடையாளம் வைத்து அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். கட்டைவிரலால் அழுத்தி வைத்தேன்.

வேலை இல்லாதபோது கேமராவை மூடி வையுங்கள் என்று நானே குறிப்பு போட்டிருக்கிறேன். எது கேமரா என்று அந்தக் குறிப்பில் இல்லை.

"திருட வர்றவன்தான் சார் மொதல்ல கேமராவ மூடுவான்," என்றாள் ரெஜினா.

"அது பக்தி."

"இதுல பக்தின்னு ஒரு கட்டம் இல்ல சார். மறைப்புன்னுதான் இருக்கு."

பிறகு தையல்நாயகியிடம் திரும்பி, மூன்று வழிகள் இருக்கின்றன என்றாள். அழிக்கலாம். விடுவிக்கலாம். அப்படியே விட்டுவைக்கலாம். முடிவு செய்யவேண்டியது வீட்டம்மா. கணினி அவள் பெயரில்தான் இருக்கிறது. வண்டி, வீடு எதுவானாலும் மனைவி பெயரில் வாங்கினால்தான் ராசி என்பதால் அப்படி வாங்கினேன். அன்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

"விடுவிக்கணும்னா நீங்க உங்க வாயால அவரு பேரச் சொல்லணும்," என்றாள் ரெஜினா. "உங்க குரல் கேட்டா பூட்டு தானா தொறந்துக்கும்."



கல்யாணமான நாளிலிருந்து தையல்நாயகி என் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் கட்டியவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும். வெளியிடத்தில் யாராவது கேட்டால், "பெருமாள் கோயில்ல இருப்பாருல்ல, அவரு பேருதான்" என்பாள். ரேஷன் கடையில் ஒருவர் ரங்கநாதன் என்று எழுதிவிட்டார். அதைத் திருத்த நாயாய் அலைந்தேன். ஆனாலும் உள்ளூர எனக்குப் பெருமைதான். இந்தக் குடியிருப்பில் மற்ற பெண்களெல்லாம் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், நாய்க்குட்டியைக் கூப்பிடுவது போல.

"சொல்லு," என்றேன் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து.

"என்னங்க இது."

"ஒரு தடவதான். ஆயுசு கொறஞ்சா கொறஞ்சுட்டுப் போவுது."

"வராதுங்க."

"பழக்கமில்ல, அதான். முயற்சி பண்ணு."

அவள் வளையல் சத்தம் கேட்டது. கதவுக்கு மிக அருகில் நின்றிருக்க வேண்டும்.

"பழக்கமெல்லாம் இருக்கு," என்றாள்.

"என்னது?"

"நீங்க ஆபீசுக்குப் போனப்புறம் தெனமும் சொல்லுவேன். சமையக்கட்டுல நின்னு."

"எதுக்கு?"

"திட்டுறதுக்கு."

மேனேஜர் தன் டையைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப திட்டியே சொல்லேன்."

"நீங்க இருக்கப்ப வராதுங்க. நீங்க இல்லன்னாதான் வரும்."

எனக்கு வலித்தது. கதவை உதைத்த காலில் இல்லை. அவளைத் திட்டுவதற்கு எனக்கு எப்போதும் வார்த்தைப் பஞ்சமே இருந்ததில்லை.

"அப்படியே விட்டா என்ன ஆவும்?" என்று தையல்நாயகி ரெஜினாவைக் கேட்டாள்.

"ஒண்ணும் ஆவாதும்மா. உள்ள இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா சுருங்கும். அப்புறம் மெஷினே அழிச்சுரும்."

"வலிக்குமா?"

"ஃபைலுக்கு வலிக்காதும்மா. வீடு பாருங்க, இப்பவே எவ்வளவு வேகமா ஓடுது."

ஓடத்தான் செய்தது. கதவு வழியே எல்லாம் கேட்டது. குக்கர் வைத்ததும் விசில் அடித்தது. மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. யாழினி எதற்கோ சிரித்தாள். அவள் சிரிப்பு இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அம்மாவைப் போலவே சிரிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு அம்மாவின் சிரிப்பு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

"எதுவும் செய்ய வேணாம்," என்றாள் தையல்நாயகி. "யோசிச்சுச் சொல்றேன்."

"பிறகு ஞாபகப்படுத்தவான்னு மெஷின் கேக்குது. அமுக்கவாம்மா?" என்றாள் ரெஜினா.

"ம்."

அந்தப் பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள் என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன்! இன்றைய அப்டேட்டை நாளைக்குத் தள்ளிப் போடுகிறவன் உருப்பட மாட்டான் என்றுகூட எழுதினேன். அதற்கும் கும்பிடுதான் வந்தது.

ஸ்டோர் ரூமிலிருந்து ஹாலுக்கு நாலு எட்டு இருக்கும். ரெஜினா கிளம்பியதும் தையல்நாயகி நடந்து போகும் சத்தம் நெடுநேரம் கேட்டது. ஹால் நீண்டுகொண்டே போயிருக்க வேண்டும். இதற்குள் என் வேட்டி ஒரு போர்வை அளவுக்கு ஆகிவிட்டது. மேனேஜர் நகர்ந்து மூட்டையில் எனக்கு இடம் கொடுத்தார். ஏறி உட்காரக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

ஹாலில் ஃபோன் அடித்தது. தையல்நாயகி எடுத்தாள்.

"ஆமாங்க, வீடுதான். யாரு? கலியபெருமாளா?"

நான் எழுந்து நின்றேன்.

"கலியபெருமாள் இல்லீங்களே. வெளிய போயிருக்காரு."

தடங்கலே இல்லை. சுத்தமான உச்சரிப்பு. என் பெயர் அவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பூட்டு திறந்துகொண்டது. அவள் எதற்குச் சொன்னாள் என்பது அதற்கு முக்கியமில்லை. பெயர் சரியாக இருந்தது, குரல் சரியாக இருந்தது. கதவு அரையடி நகர்ந்து நின்றது. ரசம் தாளிக்கும் வாசனை உள்ளே வந்தது.

"போங்க சார்," என்றார் மேனேஜர்.

"நீங்க?"

"நமக்கெல்லாம் யாரு சார் பேரு வெச்சா?"

ஒரு காலை வெளியே வைத்தேன். ஹாலின் அந்தக் கோடியில் தையல்நாயகி எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். ஃபோனைத் தோளில் இடுக்கியிருந்தாள். ஒரு கையால் தலைமுடியைக் கோதிக்கொண்டே, நிதானமாக, பழைய சிநேகிதியிடம் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தாள்.

"எப்ப வருவாருன்னு சொல்லலீங்க. கலியபெருமாள் எப்பவும் அப்படித்தான். சொல்ல மாட்டாரு."

அந்தப் பக்கம் பேசியவர் நம்பிவிட்டார் என்று அவள் தலையசைப்பில் தெரிந்தது. நான் இப்போது ஹாலில் போய் நின்றால் அவள் பேச்சு நின்றுவிடும். திரும்பி என்னைப் பார்த்து, "என்னங்க" என்பாள்.

காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். சத்தம் வராமல் கதவைச் சாத்தினேன். உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. வெளியிலிருந்து லேசாகத் தள்ளினாலே திறந்துகொள்ளும். யாரும் தள்ளவில்லை.