மணியக்காரர் டெல்லி மாளிகைக்குப் போனது

1957 கோடையில் பாகலூர் ஏரிக்குத் தண்ணீர் வரவில்லை. எல்லைக்கு அப்பால், மைசூர் பக்கத்தில், வாய்க்காலை யாரோ மண்போட்டு அடைத்திருந்தார்கள். இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவில் கிடக்கும் விவகாரம், டெல்லி ஜனாதிபதியிடமே மனுக் கொடுத்துவிடலாம் என்றார் மணியக்காரர் வெங்கடசாமி. ஊரும் தலையாட்டியது.

அவருக்கு இந்தி தெரியாது. மத்திகிரி குதிரைப் பண்ணையில் வடநாட்டுச் சிப்பாய்களோடு வேலை பார்த்த திம்மராயனைக் கூட்டிக்கொண்டார். ரயிலில் தன் பெட்டியைப் பலகைமேல் வைத்துவிட்டு அவனைத் தரையில் உட்காரச் சொன்னார். அவர்மேல் அவனுக்கிருந்த மரியாதையில் பாதி அங்கேயே இறங்கிப் போயிற்று.

மாளிகையில் ஜனாதிபதியைப் பார்க்க முடியவில்லை. வயதான செயலாளர் ஒருவர் உட்காரவைத்து, டீ வரவழைத்து, "என்ன விஷயமாக வந்தீர்கள்?" என்று அக்கறையாகவே கேட்டார். மணியக்காரர் கூரைச் சித்திரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வீட்ட யாருக்குக் கட்டுனாங்கன்னு கேளு."

"வாய்க்கா விஷயத்த மொதல்ல சொல்லிடலாங்க."

"கேளுடான்னா!"

செயலாளருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வைசிராய்க்காகக் கட்டியது, அறைகள் மட்டும் முந்நூறுக்கு மேல் என்று தொடங்கி, குடியிருந்த வெள்ளைக்காரர்களை வரிசையாகச் சொன்னார். அவர்கள் போனபின் கவர்னர் ஜெனரலாக வந்தவர், பாகலூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர், வைசிராயின் படுக்கையறை தனக்கு ரொம்பப் பெரிது என்று சின்ன அறைக்கு மாறிக்கொண்டதையும் சொன்னார்.

"அத்தன பெரிய ரூம விட்டுட்டா? என்ன மனுசன்!" என்றார் மணியக்காரர்.

திம்மராயன் அதை இந்தியில் சொல்லவில்லை. வைசிராயின் கட்டில் எவ்வளவு அகலம் என்று மணியக்காரர் அடுத்துக் கேட்கச் சொன்னார். அதற்குள் யாரோ கூப்பிட, செயலாளர் எழுந்து கைகூப்பினார். தன் மடியிலிருந்த மனுவை எடுக்கப்போன திம்மராயனின் கையை மணியக்காரர் தட்டிவிட்டார்.

"பெரிய எடம்டா. சேறு, வாய்க்கான்னு பேசற எடமா இது?"

மிச்ச மரியாதையும் போயிற்று.

ஊர் திரும்பியதும் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. மனுவை வாங்கிக்கொண்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, மணியக்காரர் மாளிகையை வர்ணிக்க ஆரம்பித்தார். ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருந்த மாதம்மாள் குறுக்கிட்டாள்.

"திம்மராயா, நீ சொல்லு. மனு குடுத்தாரா?"

"இல்லக்கா. மடியில இருந்து எடுக்கவே இல்ல."

"குதிர லத்தி அள்ளுனவன் பேச்ச நம்பறீங்களா?" என்று சீறினார் மணியக்காரர்.

"அது கெடக்கட்டுங்க, கட்டிலு எவ்ளோ பெருசு?" என்றான் நாராயணப்பன். கூட்டம் நெருங்கி உட்கார்ந்தது. அத்தனை முகங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு திம்மராயன் எழுந்து போனான்.

மறுநாள் அவனும் மாதம்மாளும் எல்லை தாண்டி நடந்தார்கள். வாய்க்காலை அடைத்தவன் கங்கப்பன் என்ற குடியானவன். வண்டி போக வழியில்லாமல் மண் போட்டதாகச் சொன்னான். மாதம்மாள் கன்னடத்தில் அவனை நன்றாகத் திட்டினாள், பிறகு அவன் வீட்டிலேயே மோர் வாங்கிக் குடித்தாள். மூவருமாக மண்ணை வெட்டி, தண்ணீருக்கு வழிவிட்டு, மேலே வண்டிக்குக் கல்பலகை போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது.

ஏரிக்குத் தண்ணீர் வந்ததும் பாகலூரில் மேளம் கொட்டினார்கள். டெல்லி உத்தரவு என்று சொல்லி மணியக்காரருக்கு மாலை போட்டார்கள். அவரும் கழுத்தை நீட்டினார்.

"போய் உள்ளதச் சொல்லேன்டா," என்றாள் மாதம்மாள்.

"யாருகிட்டக்கா சொல்றது, இவங்ககிட்டயா?" என்று கேட்டுவிட்டு, திம்மராயன் அவள் வயலுக்கு மடை திருப்பப் போனான்.